காசு கொடுத்தால் படம் உங்களுடையதா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலையும் வகுப்பும் முடிந்த இரவுகளில் பொழுதுபோக்காகக் கேம் செய்யும் இளையோர் என்னிடம் கொண்டுவரும் தலையிடி இரண்டு வகைதான். ஒருவர் கூகுளில் அகப்பட்ட படத்தைக் கேமுக்குள் போட்டுவிட்டு, கேம் தூக்கப்பட்ட பிறகு வருகிறார். மற்றவர் சிநேகிதனுக்குக் காசு கொடுத்துப் படம் கீறுவித்து, கேம் கொஞ்சம் விலைபோனதும் அந்தச் சிநேகிதனே "படம் என்னுடையது" என்று சொன்ன பிறகு வருகிறார். இருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது.

முதலாமவர் "இலவசம் என்று போட்டிருந்தது" என்பார். இலவசமாக இறக்குவது வேறு, விற்கும் கேமில் வைப்பது வேறு. கிரியேட்டிவ் கொமன்ஸில் சிசி-சீரோ என்றால் பெயர்கூடப் போடத் தேவையில்லை. கென்னி (Kenney) தளத்தின் கேம் அசெட்டுகள் அந்த வகை. பிவை என்றால் கீறியவர் பெயரைக் கட்டாயம் போடவேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. விளம்பரம் ஓடும் இலவசக் கேமும் இதில் மாட்டக்கூடும். யூனிட்டி அசெட் ஸ்டோரில் வாங்கியதைக் கேமுக்குள் வைக்கலாம். அதே கோப்புகளைக் கிட்ஹப்பில் ஊருக்கெல்லாம் திறந்துவிட முடியாது. நம்மவர் கவனிக்காத இன்னொன்று எழுத்துரு. விண்டோஸ் எழுத்துருவான லதாவைத் தூக்கிக் கேமுக்குள் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதன் உரிமக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

எதை இறக்கினாலும் அன்றைக்கே உரிமப் பக்கத்தைத் திகதி தெரியும்படி பிடிஎப் ஆக்கி, பற்றுச்சீட்டோடு வையுங்கள். பக்கம் நாளைக்கு மாறினால் உங்களிடம் வேறு சாட்சி இல்லை.

இரண்டாமவர் கதை இன்னும் மோசம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படத்தின் முதல் உரிமையாளர் அதைக் கீறியவர்தான். சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகக் கீறினால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, உரிமை முதலாளிக்கு. கூலிக்குக் கீறித்தரும் சிநேகிதன் ஊழியன் அல்ல. உரிமையைக் கைமாற்றுவதானாலும், பயன்படுத்த அனுமதி தருவதானாலும் எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. வட்ஸ்அப்பில் வந்த "சரி மச்சான்", வங்கிச் சிட்டை எல்லாம் காசு போனதற்குத்தான் சாட்சி.

ஒப்பந்தத்துக்கு ஒரு ஏ4 தாள் போதும். இருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எழுதுங்கள். "எல்லாப் படமும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள்; "கோபுரப் பின்னணி 1, நாயகன் நடக்கும் சட்டகம் 8" என்று கோப்புப் பெயரோடு எழுதுங்கள். தொகையும் கொடுத்த திகதியும் வேண்டும். பொருளியல் உரிமைகள் முழுதாகக் கைமாறுகின்றனவா, இந்தக் கேமுக்கு மட்டும் அனுமதியா? சுவரொட்டி, சட்டை, இரண்டாம் பாகம் சேருமா? அதையும் எழுதுங்கள். தானே கீறியது, பிறர் படத்தைப் பார்த்து அடித்ததல்ல என்று ஓவியர் உறுதி தரவேண்டும். ஏஐ பயன்பட்டிருந்தால் அதையும் சொல்லவேண்டும்; ஸ்டீம் அதை உங்களிடம் கேட்கும். உரிமை முழுதாக வந்தாலும் தன் பெயரைப் போடும்படி கேட்கும் உரிமை கீறியவருக்கு உண்டு, மறவாதீர்கள். ஓவியருக்கு 18 வயதாகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். இரண்டு பிரதி, இருவருக்கும் ஒவ்வொன்று.

உங்கள் படத்தை இன்னொருவர் எடுத்தால் முதலில் ஸ்டீம், கூகுள் பிளே, இட்ச் எதில் இருக்கிறதோ அங்கே டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்ட) முறைப்பாடு போடுங்கள். உங்கள்மேல் பொய்யாக வந்தால் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். சும்மா இருந்தால் கேம் திரும்பி வராது. அடுத்தது கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தை, சமாகம் மெதுரவிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். பதிப்புரிமையைப் "பதிய" அங்கே போய் நிற்காதீர்கள். அப்படியொரு பதிவு இங்கே இல்லை. படைத்த உடனேயே உரிமை பிறக்கிறது. ஆனால் 22ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்தால் விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் பணிப்பாளர் நாயகத்துக்கு உண்டு. தமிழிலேயே எழுதுங்கள். எந்த அரச அலுவலகக் கவுண்டரில் "சிங்களத்தில் எழுதி வாங்கோ" என்றாலும் திரும்பி வராதீர்கள். தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. அதை நினைவூட்டுவதே நம் வேலையாகிவிட்டது.

பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறினால் நீதவான் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் வரை தண்டமோ 6 மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். "பொழுதுபோக்குக்குத்தானே செய்தேன்" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

திரும்பவும் சொல்கிறேன்: கையெழுத்தைக் கேம் வெளிவருமுன் வாங்குங்கள். காசு வராத கேமுக்கு எந்தச் சிநேகிதனும் கையெழுத்துப் போடுவான். காசு வந்த பிறகு அவன் சட்டத்தரணியைத்தான் அனுப்புவான்.