கோழிக் குஞ்சின் சிறு பையும் தடுப்பூசியும்

தடுப்பூசி போட்ட பின்னரும் வெள்ளைக் கழிச்சலால் கோழிகள் மடிகின்றன என்பது கிராமங்களில் அடிக்கடி எழும் முறையீடு. மருந்தையும் ஊசியிட்டவரையும் நொந்துகொள்ளுமுன், குஞ்சின் மலத்துவாரத்திற்கு மேற்புறமாக உள்ள சிறு பையைக் கவனித்தல் நலம்.

பாதுவா நகரத்துப் பண்டிதர் பாப்ரீசியஸ் இப்பையை வருணித்த நூல் 1621-ல் வெளிவந்தும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதன் பயன் விளங்கவில்லை. அமெரிக்காவில், ஒஹையோ சர்வகலாசாலையில் புரூஸ் கிளிக் என்பார் பையை நீக்கி வளர்த்த கோழிகளை, உடன் பயின்ற திமதி சாங் வகுப்புச் சோதனைக்கென வாங்கிச் சால்மொனெல்லா கிருமிப்பொருளை ஊசியிட்டார். பலவற்றில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. 1956-ல் இச்செய்தி வெளியாயிற்று. தற்செயலாய்க் கிடைத்த பெரும் பேறு எனலாம்.

1986-ல் இப்பையினின்று, மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு ஹார்மோன் பிரித்தறியப்பட்டது. பர்சின் எனப் பெயர் பெற்ற இது, எலும்பு மச்சையின் இளம் அணுக்களை, எதிர்ப்பொருள் சுரக்கும் இனமாக முதிருமாறு ஏவுவது ஆய்வுச்சாலையில் காணப்பட்டது.

கம்போரோ வியாதியின் நுண்கிருமி பையிலுள்ள இவ்வணுக்களையே அழிப்பது. மூன்று வாரத்திற்குட்பட்ட குஞ்சுகளில் வெளிக்குறி தோன்றாமலே பை கெடும். பின்னர் இடும் ராணிக்கெட் ஊசி நன்கு பலிப்பதில்லை. ஆகவே தடுப்பூசி பெற்ற தாய்க்கோழிகளின் குஞ்சுகளையே வாங்குக. கம்போரோ மருந்தைக் கால்நடை வைத்தியர் குறிக்கும் நாளில் கொடுக்கவேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மிகுந்திருக்கையில் கொடுப்பின் மருந்து வீணாகும். இக்கிருமி கொட்டகையில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்குமாதலால், பழைய கூளத்தை அகற்றாமல் புதுக் குஞ்சுகளை விடலாகாது.