காவல்காரரே கட்சி மாறினால்?



எங்க ஆயா வெத்தலையோட புகையிலையும் போடும். போன மாதம் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. "வலியே இல்ல, எதுக்குடி ஆஸ்பத்திரி?" என்கிறது. வலிக்காத இடத்தில் என்னதான் நடக்கிறது? அறிவியல் டீச்சரிடம் கேட்டதையும் படித்ததையும் எழுதுகிறேன்.

நம் செல்களில் ஏற்பிகள் என்ற காவல்காரர்கள் உண்டு. அதில் ஒரு வகைக்கு 'டோல்' குடும்பம் என்று பெயர் (டோல்கேட் டோல் இல்லை!). பழ ஈயில் அந்த ஜீனைக் கண்ட ஜெர்மன் விஞ்ஞானிகள் "பிரமாதம்!" என்று தங்கள் மொழியில் வியந்த வார்த்தையே பெயராகிவிட்டதாம். டோல் கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை தாக்கிச் சாகின்றன என்று 1996-ல் ழூல் ஹாஃப்மன் குழு காட்டியது. 2011-ல் அவருக்கு நோபல் பரிசு. மனிதர்களுக்கு இதேபோல் 10 வகை இருக்கிறது. கிருமியைக் கண்டால் இவை கூச்சல் போடும், வெள்ளையணுக்கள் ஓடி வரும், இடம் சிவந்து வீங்கும். அதுதான் அழற்சி.

அடுத்தது துப்புரவு. லைசோசோமை 'தற்கொலைப் பை' என்று படித்தோமே, எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. செல் தன் உடைந்த பாகங்களைச் சவ்வில் சுற்றி அதற்குள் தள்ளிச் செரித்து, மறுபடி உபயோகிக்கிறது. இது ஆட்டோஃபேஜி, அதாவது தன்னையே தின்பது. இதை ஈஸ்டில் ஆராய்ந்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல். காவல்காரர் கத்தினால் துப்புரவும் வேகமாகும்.

இப்போ ஆயா கன்னத்துக்கு வருவோம். புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு தினமும் புண்ணாக்குகின்றன. செத்த செல்லின் துணுக்கைக் கண்டாலும் டோல் கத்தும். ஒரு நாள் என்றால் ஆறிவிடும். முப்பது வருஷம் கத்தினால்? செல்கள் ஓயாமல் பிரிந்து, டி.என்.ஏ.வில் பிழைகள் சேரும். ஆரம்பத்தில் ஆட்டோஃபேஜி கெட்டதை அகற்றிப் புற்று வராமல் தடுக்கிறது. கட்டி வளர்ந்த பிறகோ, உள்ளே ரத்தமும் சாப்பாடும் சரியாகப் போகாதபோது, புற்றுச் செல் தன்னையே கொஞ்சம் தின்று பிழைத்துக்கொள்கிறது! சில கட்டிகளில் டோலும் 'வளரு, சாகாதே' என்று செய்தி அனுப்புகிறது. ஆட்கள் அதேதான், கட்சிதான் மாறிப்போச்சு.

திரும்ப நம் பக்கம் இழுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் இடது கைத் தழும்பைப் பாருங்கள். காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசி அது. அதற்கென்றே 1948-ல் நம்ம கிண்டியில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு உள்ளே செலுத்துகிறார்கள். டோல் விழித்துக் கத்த, வெள்ளையணுக்கள் வந்து கட்டியைத் தாக்கும்.

வெள்ளைத் திட்டு எல்லாம் புற்று ஆகாது. துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரிக்கு வர்ற திங்கட்கிழமை போகிறோம். மேனாம்பேட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பணும். ஆயாவின் சுருக்குப்பை இப்போ என்னிடம்தான் இருக்கிறது. நேற்று இரண்டு தடவை கேட்டது, நான் தரவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி