சரிவான மனையில் குடும்ப வீடு: கடைக்காலுக்கு முன் போட வேண்டிய கணக்கு

சமதளத்தில் மனை வாங்குவோருக்கு நீளம், அகலம் என்ற இரண்டு அளவுகள் போதும். மலைப்பகுதியில் மனை வாங்குவோர் மூன்றாவதாக ஓர் அளவையும் கேட்டறிய வேண்டும். மனையின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே உள்ள உயர வேறுபாடே அது. குடகு, வயநாடு, இடுக்கி, சிம்லா போன்ற பகுதிகளில் வீடு கட்டக் கடன் கோரி வரும் விண்ணப்பங்கள் பலவற்றில் இந்த மூன்றாவது அளவு இடம்பெறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிக் கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றியபோது, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கடன் பெற்றார். சமவெளியில் தம் தம்பி கட்டியிருந்த வீட்டின் வரைபடத்தையே அவர் தமது மனைக்கும் பயன்படுத்தினார். சாலை மனையின் மேற்புறம் இருந்தது. வீட்டின் தளம் முழுவதும் சாலை மட்டத்துக்கு வர வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காகக் கீழ்ப்புறத்தில் உயரமான சுவர் எழுப்பி, மண் கொட்டி நிரப்பினர். மதிப்பீட்டு அறிக்கையில் அந்தச் சுவரும் இல்லை, மண்ணும் இல்லை. கையிருப்பு முழுவதும் அவற்றிலேயே கரைந்தது. சுவர்கள் லிண்டல் மட்டத்தை எட்டியபோது பணம் தீர்ந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் கூரையின்றி வீடு நனைந்தது. வாடகை ஒருபுறம், கடன் வட்டி மறுபுறம் என அக்குடும்பம் பட்ட இன்னலை நாங்கள் அருகிலிருந்து கண்டோம்.

மண்ணின் கணக்கு

அந்த வீட்டின் அளவையே எடுத்துக்கொள்வோம். சாலைக்கு இணையாக 30 அடி அகலம், சரிவின் திசையில் 40 அடி நீளம். அந்த 40 அடிக்குள் நிலம் 6 அடி இறங்குகிறது. அதாவது நூற்றுக்குப் பதினைந்து என்ற சரிவு.

தளம் முழுவதையும் மேல்விளிம்பின் மட்டத்துக்கு உயர்த்தினால், நிரப்ப வேண்டிய மண் 3,600 கன அடி. 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 36 யூனிட். மேற்புறம் 3 அடி வெட்டி, அம்மண்ணையே கீழ்ப்புறம் 3 அடி நிரப்பினால், வெட்டுவது 900 கன அடி, நிரப்புவது 900 கன அடி. வெளியிலிருந்து மண் வாங்கும் தேவை ஏறத்தாழ நீங்கிவிடும். வீட்டை 20 அடி வீதம் இரண்டு தளங்களாகப் பிரித்துப் படிபோல அமைத்தால், வெட்டுவதும் நிரப்புவதும் 450 கன அடி வீதமாகக் குறையும். இரு தளங்களுக்கும் இடையே உயர வேறுபாடு 3 அடி. அரை அடி உயரமுள்ள ஆறு படிகள்.

மிச்சமாவது மண் மட்டுமன்று. ‘ரீடெய்னிங் வால்’ எனப்படும் தாங்குசுவரின் உயரம் இருமடங்கானால், அதன் மீது மண் செலுத்தும் மொத்த அழுத்தம் நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்க முயலும் விசையின் விளைவோ எட்டு மடங்காகிறது. எனவே ஆறடிச் சுவர் ஒன்றைக் காட்டிலும் மூன்றடிச் சுவர்கள் இரண்டு எளியவை, பாதுகாப்பானவை.

எம்முறையைத் தேர்ந்தாலும் கடைக்கால் நிரப்பிய மண்ணில் நிற்கலாகாது. அது இயற்கையான உறுதி மண் வரை இறங்க வேண்டும். சரிவுக்கேற்பப் படிப்படியாக இறங்கும் கடைக்காலே இங்குப் பொருந்தும்.

அறைகளின் ஒழுங்கு

இரு தளங்களில் வீட்டை அமைக்கும்போது, எந்த அறை எங்கே என்பதை முதியோரை மனத்தில் கொண்டு முடிவு செய்க. வாயில், கூடம், சமையலறை, குளியலறையுடன் கூடிய ஒரு படுக்கையறை ஆகியவை ஒரே தளத்தில், சாலைக்கு அருகே அமையட்டும். ஏனைய படுக்கையறைகளும் பிள்ளைகள் படிக்கும் அறையும் மற்றொரு தளத்துக்குச் செல்லலாம். இன்று ஓடி இறங்கும் ஆறு படிகள் எழுபது வயதில் பெருந்தடையாகும். பின்னர் சாய்தளம் அமைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் ஒன்றைக் கருத வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கேட்கும். 3 அடி ஏற 36 அடி வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

குளியலறைகளையும் சமையலறையையும் ஒரே பக்கமாக அமைத்து, கழிவுநீர்த் தொட்டியைக் கீழ்ப்புறம் வைத்தால் கழிவுநீர் தானே வழிந்து செல்லும். நகராட்சிக் கழிவுநீர்க் குழாய் மேற்புறச் சாலையில் இருப்பின் மோட்டார் தேவைப்படும். அச்செலவையும் முன்கூட்டியே கணக்கிடுக.

நீருக்கு வழி

சரிவில் வீட்டின் முதற்பகை நீர். சாலையைவிடத் தளம் தாழ்ந்திருந்தால், மேலிருந்து வரும் மழைநீர் நேரே வாயிலை நோக்கி வரும். வீட்டுக்கு முன்பாகவே அதை மறித்துப் பக்கவாட்டில் திருப்பும் குறுக்கு வடிகால் இன்றியமையாதது. தாங்குசுவரின் பின்னே சரளைக் கற்களும், சுவரில் நீர் கசியும் துளைகளும் இருக்க வேண்டும். நீர் தேங்கினால் மண்ணின் அழுத்தத்தோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். அழகு கருதி அத்துளைகளைப் பூசி மறைப்பது பெருந்தவறு. கூரை நீரையும் குழாய் வழியே கீழ்ப்புற வடிகாலுக்குக் கொண்டு செல்க. நிரப்பிய மண்ணின் மீது அது விழலாகாது.

2018 ஆகஸ்ட் பெருமழையில் குடகு மாவட்டத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகளும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்த பேரிடரும் நம் நினைவில் உள்ளவை. தனிமனிதரின் கட்டுமானத் திறமையால் மட்டும் இத்தகைய ஆபத்தைத் தவிர்க்க இயலாது. ஆகவே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்டுள்ள நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தில் மனை எப்பகுதியில் உள்ளது என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இமயமலைப் பகுதியில் கட்டுவோருக்கு மற்றுமோர் எச்சரிக்கை. சரிவில் தூண்களின் மேல் வீட்டை நிறுத்தும்போது மேற்புறத் தூண்கள் குட்டையாகவும் கீழ்ப்புறத் தூண்கள் நெடியவையாகவும் அமையும். அதே பருமனில் பாதி உயரமே உள்ள தூண் எட்டு மடங்கு விறைப்பானது. எனவே நிலநடுக்கத்தின்போது குட்டைத் தூண்களே பெரும் விசையைத் தாங்க நேர்ந்து முதலில் உடைகின்றன. இவற்றைக் கட்டமைப்புப் பொறியாளரே வடிவமைக்க வேண்டும். கொத்தனாரின் அனுபவம் மட்டும் போதாது.

கடனும் காப்பீடும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்கு மேல் 75 விழுக்காடு. எஞ்சிய தொகை உங்களுடையது. மதிப்பீட்டில் விடுபட்ட செலவு ஒவ்வொன்றும் அந்தச் சொந்தத் தொகையைத்தான் விழுங்கும். கட்டுமானத்தின் வளர்ச்சிக்கேற்பவே நாங்கள் பணம் விடுவிக்கிறோம். வேலை பாதியில் நின்றால் அடுத்த தவணையும் நிற்கும்.

ஆகவே விண்ணப்பிக்கும்போது மனையின் சமஉயரக் கோட்டு வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுடன், மண்வேலை, தாங்குசுவர், வடிகால் மூன்றையும் தனித்தனித் தலைப்பில் காட்டும் மதிப்பீட்டையும் கொண்டு வருக. கடைக்காலும் தாங்குசுவரும் முடியும் கட்டத்தில் எவ்வளவு தொகை விடுவிக்கப்படும் என்பதைக் கடன் ஒப்புதலுக்கு முன்பே எங்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு, நிலச்சரிவையும் நிலம் உள்வாங்குவதையும் உள்ளடக்கியது. ஆயினும் நிரப்பிய மண் அமிழ்வதாலோ நகர்வதாலோ நேரும் சேதத்துக்கும், குறைபாடுள்ள வடிவமைப்பால் நேரும் சேதத்துக்கும் அது இழப்பீடு தராது. கொட்டிய மண்ணை நம்பிக் கட்டும் வீட்டுக்குக் காப்பீடும் துணை நிற்காது என்பதே இதன் பொருள்.

முற்கூறிய வாடிக்கையாளர் ஒரு படுக்கையறையைக் கைவிட்டு, நகைக்கடன் பெற்று, மறு ஆண்டு வீட்டை முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார். கீழ்ப்புறச் சுவரைக் காட்டி, “என் ஒரு அறை இதற்குள்தான் இருக்கிறது” என்றார். நல்ல மழை நாளில் ஒருமுறை உங்கள் மனையில் சென்று நின்று, நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்று பாருங்கள். வரைபடம் தீட்டுவது அதன் பிறகு ஆகட்டும்.