சிப்பாயின் மூச்சும் சர்க்காரின் கடமையும்

யுத்தத்தில் கை கால் இழந்த சிப்பாயின் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. யுத்தகளத்துப் புகையைச் சுவாசித்து, ஊர் திரும்பியபின் மூச்சுத் திணறலாலும் ஓயாத மூக்கடைப்பாலும் வாடுபவனிடமோ, "இது யுத்தத்தால் வந்ததென்று ருஜுப்படுத்து" என்கிறது சர்க்கார். இது நியாயமா என்று கேட்கிறோம்.

2001-க்குப் பின் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இருந்த அமெரிக்க முகாம்களில் பிளாஸ்டிக், ரப்பர், வைத்தியக் கழிவு முதலியவற்றைத் திறந்த குழிகளில் விமான எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அப்புகையிலேயே சிப்பாய்கள் உண்டு உறங்கினர். பின்னர் அவர்கள் அங்கவீன உதவி கோரியபோது மூன்று அத்தாட்சிகள் கேட்கப்பட்டன: இப்பொழுது நோய் உண்டென்பது, சேவையில் காரணம் நேர்ந்ததென்பது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்னும் வைத்தியர் அபிப்பிராயம். மூன்றாவதுதான் ஏழையின் கழுத்தை நெரிப்பது. அலர்ஜி என்னும் ஒவ்வாமைக்கோ தொல்லை இரட்டிப்பு. காரணம் விலகியதும் தணிந்துவிடும் ஒவ்வாமையைப் பொதுவாக நிலைத்த ஊனமாகக் கொள்வதில்லை என்பது அங்குள்ள விதி.

பெருந்தொகைக்காகவா இப்போராட்டம்? அன்று. நாசி இரண்டும் பாதிக்குமேல் அடைபட்டிருந்தாலும் 10 சதவிகித அங்கவீனம் என்றே 2022-ல் அந்நாட்டு அட்டவணை மதித்தது.

வியட்நாம் யுத்தம் 1975-ல் முடிந்தது. அங்கே தெளித்த 'ஏஜண்ட் ஆரஞ்சு' விஷத்துக்குச் சட்டபூர்வமான அனுமானம் 1991-லேதான் வந்தது. குழிப்புகை விஷயத்திலும் அதே தாமதம். 2021 ஆகஸ்டில்தான் ஆஸ்துமா, நாசி அழற்சி, ஸைனஸ் அழற்சி ஆகியவை சேவையால் விளைந்தவையென்று அனுமானிக்க இலாகா இசைந்தது. அதுவும் சேவை முடிந்த 10 வருஷத்துக்குள் நோய் கண்டிருந்தால் மட்டுமே. 2022 ஆகஸ்டு 10-ந் தேதி ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்ட 'பாக்ட்' சட்டம் அந்தக் கெடுவை அகற்றிப் பல புற்றுநோய்களையும் சேர்த்தது.

தும்மியவனெல்லாம் பணம் கேட்பானே என்று சிக்கனக்காரர்கள் அஞ்சலாம். அது வீண் பயம். நோயும், அவ்விடத்தில் சேவை செய்ததும் இன்றும் ருஜுவாக வேண்டும். இரண்டையும் இணைக்கும் பாரம் மட்டுமே சிப்பாயின் தோளிலிருந்து இறங்கியிருக்கிறது. தீயை மூட்டியவர்கள் அதிகாரிகள். முகாமின் தஸ்தாவேஜுகளும் அவர்கள் வசமே. புகைக்குச் சாட்சி தேடச் சிப்பாய் எங்கே போவான்?

நமது தேசத்து உச்ச நீதிமன்றமும் 2013-ல் இத்தர்மத்தையே வலியுறுத்தியது. சேரும்போது நோய் குறிக்கப்படாதவன் திடகாத்திரனாகவே சேர்ந்தான் என்று கொள்ளவேண்டும். மறுத்து நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது என்றது தீர்ப்பு. தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதாது. இலாகா மேஜைகளிலும் அமலாக வேண்டும். உயிரைக் கேட்டபோது சிப்பாய் அத்தாட்சி கேட்கவில்லை. அவன் மூச்சுக்குத் திணறும்போது சர்க்கார் அத்தாட்சிக்குள் ஒளிந்துகொள்வது அழகல்ல.