வரப்போகும் செல்போனுக்காகக் கடையைக் காக்க வைக்கலாமா?

"வத்தல் விலை ஏறப் போகிறதாம்" என்று பேட்டையில் ஒரு பேச்சுக் கிளம்பினால், நாம் உடனே மூட்டை பிடித்து விடுவதில்லை. குண்டூர் குளிர்பதனக் கிடங்குகளில் இருப்பு எவ்வளவு, வரத்து எப்படி, மாதிரி என்ன நிறம் என்று நான்கு பேரை விசாரித்த பிறகே பணத்தை எடுக்கிறோம். துவரையானாலும் உளுந்தானாலும் இதே வழக்கம்தான். ஆனால் செல்போன் விஷயத்தில் மட்டும் இந்த ஜாக்கிரதை நம்மிடம் காணோம். "அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம், இருபதாயிரத்துக்குள் எல்லாம் இருக்கிறதாம்" என்று யாராவது சொன்னால் போதும், அதையே நம்பிக் காத்திருக்கிறோம்.

அப்படிக் காத்திருந்ததன் பலனை நாமே அனுபவித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிச் சமயம். கடைப் போனின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக் கொண்டிருந்தது. மாற்றிவிடலாம் என்று சொன்ன மகனிடம், "புதுசு வருதாம், பொறுப்போம்" என்றோம். பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில், கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது போன் அணைந்து விட்டது. பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லை. வெளியூர்க் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சரக்குச் சீட்டுகள் எல்லாம் அதற்குள் கிடந்தன. வங்கியின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு நாள் வியாபாரம் கெட்டது. நாம் எதிர்பார்த்த மாடலோ தை பிறந்த பிறகே வந்தது. சொன்ன விலையிலும் இல்லை. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது என்பதும், அதை எண்ணெய் டின்களுக்கு நடுவே வைத்திருந்தோம் என்பதும் பிறகுதான் உறைத்தது.

வதந்தி எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் ஒரு செல்போன் விற்பனைக்கு வருமுன், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் அதன் மாடல் எண் பதிவாக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து "வரப் போகிறது" என்கிறார்கள். அதுவரை சரிதான். ஆனால் அந்தப் பதிவில் விலையும் இருக்காது, கேமரா எப்படி என்பதும் இருக்காது. மற்றவை உறை தயாரிப்பவர்கள் வழியாகவும், உதிரிபாகத் தொழிற்சாலைகள் வழியாகவும் கசிபவை. ஒன்றுக்கு நான்காகச் சேர்ந்து நம் காதுக்கு வருகின்றன.

இரண்டு உதாரணங்கள் போதும். 2019 டிசம்பரில் "ஒன்பிளஸ் 8 லைட்" என்ற பெயரில் ஒரு நடுத்தர விலைப் போனின் படங்கள் கிளம்பின. பிறகு அதன் பெயர் "ஒன்பிளஸ் இசட்" என்றார்கள். மீடியாடெக் சில்லு என்றார்கள். 2020 ஜூலை 21-ல் வெளியானபோது பெயர் "நார்ட்". உள்ளே இருந்தது ஸ்னாப்டிராகன் 765ஜி. தொடக்க விலை ரூ.24,999 என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த மலிவு ரகம் செப்டம்பரில்தான் கைக்குக் கிடைத்தது.

அடுத்தது, விலை குறைந்த ஜியோபோன் நெக்ஸ்ட். 2021 ஜூனில் அறிவித்து, விநாயகர் சதுர்த்திக்கு வரும் என்றார்கள். சில்லுத் தட்டுப்பாட்டால் தீபாவளிக்குத் தள்ளிப் போயிற்று. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. வந்த விலை ரூ.6,499.

நமக்கு வேண்டியது என்ன?

வதந்தியில் பெரிதாகப் பேசப்படுவது கேமராவும் விளையாட்டு வேகமும். கடைக்காரருக்கு வேண்டியவை வேறு.

முதலாவது பேட்டரி. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து வரை தாங்க வேண்டும். இதில் நம் எதிர்பார்ப்பு ஓரளவு நிறைவேறிவிட்டது. சிலிக்கான்-கார்பன் முறை வந்த பிறகு, அதே பருமனில் கூடுதல் சக்தி அடங்குகிறது. 2025 ஏப்ரலில் ரூ.21,999 தொடக்க விலையில் வந்த ஐக்யூ இசட்10 போனில் 7,300 எம்.ஏ.எச். பேட்டரி இருந்தது.

இரண்டாவது, தூசி தாங்கும் திறன். வத்தல் பொடியும் மாவும் பறக்கும் இடம் நம்முடையது. போனில் "ஐ.பி." என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கம் 6 என்றால் தூசி உள்ளே புகாது; 5 என்றால் ஓரளவு புகும். ஆகவே 54 என்பதைவிட 64 என்பதே நம் கடைக்கு ஏற்றது.

மூன்றாவது, என்.எஃப்.சி. இது இருந்தால், வாடிக்கையாளர் கார்டை நம் போனிலேயே தொட வைத்துப் பணம் பெறும் வசதியைச் சில வங்கிகளும் நிறுவனங்களும் தருகின்றன. 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே தொட்டுச் செலுத்தலாம். ஒரே மாடலில் ஒரு நாட்டுக்கு இதை வைத்து, இன்னொரு நாட்டுக்கு எடுத்து விடுவதும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் என்பது. வங்கிக் கணக்கு உள்ளே இருக்கும் பொருளுக்கு இது பூட்டைப் போன்றது. 2025 மார்ச்சில் வந்த சாம்சங் ஏ56, ஏ36 மாடல்களுக்கு ஆறு ஆண்டுகள் என்று அறிவித்தார்கள்.

நம்மில் பலர் ஆசைப்படுவது, பழையபடி கழற்றி மாட்டும் பேட்டரி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் செய்த சட்டம், பயனாளரே பேட்டரியை மாற்றும்படி பொருள்கள் இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்தது. அதிலும் விலக்குகள் உண்டு. அது நம் நாட்டுச் சட்டமும் அல்ல. இதை நம்பி இன்றைய தேவையைத் தள்ளிப் போட வேண்டாம்.

காத்திருந்தால் விலை குறையுமா?

முன்பெல்லாம் குறைந்தது. 2025 இறுதியில் நிலை மாறியது. செயற்கை நுண்ணறிவுக் கணினி நிலையங்களுக்காகப் பெரிய கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை மொத்தமாகப் பிடித்ததால் அவற்றின் விலை ஏறியது. செல்போன் விலையிலும் அது பாய்ந்தது. பெரிய ஆலைக்காரர் வந்து வரத்தையெல்லாம் பிடித்துக் கொண்டால் சில்லறைக்காரர் பாடு என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா? உலகில் நினைவகச் சில்லில் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளே பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே "பொறுத்தால் மலிவு" என்ற பழைய கணக்கு எப்போதும் செல்லாது.

என்ன செய்யலாம்?

கடைப் போன் நன்றாக உழைத்தால் தாராளமாகக் காத்திருங்கள். பேட்டரி உப்பினாலோ, அடிக்கடி அணைந்தாலோ, அன்றே மாற்றுங்கள். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே புதுப் போனில் வங்கி, யு.பி.ஐ. வசதிகளை மாற்றிச் சோதித்து விடுங்கள். பழைய போன் நல்ல நிலையில் இருந்தால் அவசரத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் கேளுங்கள். செல்போனுக்கு 2020 ஏப்ரல் முதல் வரி 18 சதவீதம். வியாபாரத்துக்காக வாங்கினால், முறையான பதிவு உள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

பட்டாசு ஆலைகளுக்கும் இருப்பு அறைகளுக்கும் சரக்கு எடுக்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: எவ்வளவு உயர்ந்த போனாக இருந்தாலும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மாதிரி பாராமல் நாம் ஒரு மூட்டை மல்லிகூட வாங்குவதில்லை. போனையும் அப்படியே கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, பில் பெற்று வாங்குவோம். நாளைக்கு வரப் போகும் சரக்கை நம்பி இன்றைய கல்லாவை மூடி வைக்க வேண்டாம்.