நீர் குறைந்த கோடையில் வீட்டுப் பூந்தோட்டம்

இலண்டன் மழை நகரம் என்று எண்ணிக்கொண்டே நாம் எல்லோரும் இங்கு வந்து இறங்கினோம். குடை இல்லாமல் அங்கே வாழ முடியாது என்று ஊரில் இருந்தபோதே எமக்குச் சொல்லப்பட்டிருந்தது. கணக்கைப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டிற் பெய்யும் மழை சராசரியாக 1200 மில்லிமீற்றருக்கு மேல். இலண்டனிற் பெய்வதோ ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். வரண்ட பூமி என்று நாம் சொல்லிக்கொள்ளும் எமது ஊர் பெறும் மழையிற் பாதியைத்தான் இந்நகரம் பெறுகின்றது. அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பங்கிடப்படுகின்றது. அந்தத் தூறல் மே, யூன் மாதங்களிற் சில கிழமைகள் வராது போனால், பூந்தோட்டம் வைத்திருப்போர் அதனை உடனே உணர்வர்.

2025 ஆம் ஆண்டில் அவ்வாறுதான் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இளவேனில், இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காணப்படாத அளவுக்கு வரண்டிருந்தது. இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம். இலண்டனில் யூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல் நீள்கின்றது. வெயில் ஊர் வெயிலைப்போற் சுடாவிட்டாலும், இலைகள் அத்தனை நேரமும் நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, இதமான காலநிலை என்று நாம் மகிழும் நாட்களிலேயே செடி தாகத்தால் வாடத் தொடங்குகின்றது.

எமது பாடசாலைப் பெற்றோர் பலர் வீட்டின் பின்வளவிற் பூஞ்செடிகள் வளர்க்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், பிழை விட்டுக் கற்றுக்கொண்ட சிலவற்றை இங்கே எழுதுகின்றோம்.

எமது முதற் பிழை

2018 ஆம் ஆண்டில்தான் பின்வளவு உள்ள வீடொன்றுக்கு நாம் வாடகைக்கு வந்தோம். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் மாடி அறையொன்றில் வாழ்க்கை. மண் என்று சொல்வதற்கு யன்னலோரத்துச் சாடி ஒன்றே இருந்தது. புதிய வீட்டில் நான்கு சதுர மீற்றர் அளவிற் பாத்தி வெட்டி, இரண்டு றோசாக் கன்றுகள், டாலியா, இங்கே மேரிகோல்ட் என்று விற்கப்படும் செவ்வந்தி ஆகியவற்றை நட்டோம். அவ்வாண்டு யூன் மாதத்தில் தென் இங்கிலாந்தின் பல இடங்களில் மழை பெயரளவுக்குக்கூடப் பெய்யவில்லை. ஒவ்வொரு மாலையும் வேலையால் வந்ததும் குழாயைப் பிடித்து ஐந்து நிமிடம் நீர் தெளித்தோம். மண் கறுத்தது, எமது மனமும் நிறைந்தது.

யூலைத் தொடக்கத்தில் உறவினர் திருமணத்துக்காக நான்கு நாட்கள் பேர்மிங்காம் சென்று திரும்பினோம். செவ்வந்தி முழுவதும் கருகியிருந்தது. டாலியா நிலத்தோடு சாய்ந்து கிடந்தது. பட்டுப்போன செவ்வந்தியொன்றைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. வேர்கள் அனைத்தும் மேல் மண்ணின் இரண்டு அங்குலத்துக்குள் பாய்போலப் படர்ந்திருந்தன. அதன் கீழே மண் கல்லாக இறுகிக் கிடந்தது. வன்னியில் ஒன்பது ஆண்டுகள் விஞ்ஞானமும் விவசாயமும் கற்பித்த ஆசிரியருக்கு இதைவிட வெட்கம் வேறில்லை.

ஆழமாகவும் இடைவிட்டும்

வேர் ஈரம் உள்ள இடத்தை நாடி வளரும். நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் ஈரம் மேல் மண்ணிலேயே நிற்கும். வேரும் அங்கேயே தங்கிவிடும். ஒருநாள் நீர் தவறினாலும் அச்செடிக்கு வேறு கதி இல்லை. மாறாக, கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால், மேல் மண் உலரும்போதும் கீழே ஈரம் எஞ்சியிருக்கும். வேரும் அதைத் தேடி இறங்கும்.

எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 25 லீற்றர் என்பது நல்ல கணக்கு. பத்து லீற்றர்ப் பூவாளியால் இரண்டரை வாளி. இதனை ஏழு முதற் பத்து நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தாற் பெரும்பாலான பூஞ்செடிகளுக்குப் போதும்.

இலண்டனின் பெரும்பகுதி களிமண் நிலம். காய்ந்த களிமண் வெடிக்கும். அதன்மேல் ஒரேயடியாக நீர் ஊற்றினால், நீர் வெடிப்பு வழியே ஓடிவிடும். அல்லது மேலாக வழிந்துவிடும். முதலில் மேல் மண்ணை மெதுவாகக் கொத்தி வெடிப்புகளை மூட வேண்டும். பின்னர் சிறிது நீர் விட்டு, கால் மணித்தியாலம் பொறுத்து மீதியை விட வேண்டும். செடியைச் சுற்றி ஊரிற் கட்டுவதுபோற் சிறு வரம்பு கட்டினால் நீர் வேரடியிலேயே நிற்கும். நீரை இலைமேல் ஊற்றாது அடியிலே விடுக. அதிகாலையே சிறந்த நேரம். மாலையில் விட்டால் இரவு முழுவதும் ஈரம் நின்று நத்தைகளை அழைக்கும்.

நீர் விட்டு ஒரு மணித்தியாலத்தின் பின் சிறு கரண்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். நன்றாக நனைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிய மண் ஓர் அங்குலத்துக்குக் கீழே உலர்ந்திருப்பதை அடிக்கடி காணலாம்.

எதற்கு முதலில்?

நீர் குறைவாக இருக்கும்போது எல்லாச் செடிகளையும் ஒரே அளவாக நடத்துவது தவறு. சாடிகளில் உள்ளவற்றுக்கு வேர் ஓட வேறிடம் இல்லை. வெயில் நாட்களில் அவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். சாடி மண் முற்றாக உலர்ந்து ஓரத்தை விட்டு விலகியிருந்தால், மேலே ஊற்றும் நீர் பக்கத்தால் வழிந்தோடிவிடும். அவ்வேளையிற் சாடியை வாளி நீரில் அரை மணித்தியாலம் அமிழ்த்தி வைப்பதே வழி. அடுத்தது, அவ்வாண்டு புதிதாக நட்ட கன்றுகள். அதன் பின்னரே மற்றப் பூஞ்செடிகள்.

லவெண்டர், றோஸ்மேரி போன்றவை மத்தியதரைக் கடற்கரை நாடுகளுக்கு உரியவை. நன்கு வேர் பிடித்த பின் அவை வரட்சியைத் தாங்கும். புற்றரைக்கு நீரே வேண்டாம். அது மஞ்சளித்துக் காய்ந்ததுபோற் கிடந்தாலும் மழை வந்ததும் மீண்டும் பச்சை பிடிக்கும். ஐதரேஞ்சியாவின் பெரிய இலைகள் நண்பகலிற் தொங்குவதைக் கண்டு பதறி நீர் ஊற்றுவோர் உண்டு. மாலையில் அவை தாமாக நிமிர்ந்தால் வேரடியில் ஈரம் இருக்கின்றது என்பது பொருள். மாலையிலும் நிமிராவிட்டாலே நீர் தேவை. வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிடுக. விதை கட்டுவதிற் செலவாகும் சக்தி புதிய மொட்டுகளுக்குப் போகும். உலர்ந்த மண்ணிற் பசளை இடல் கூடாது. அது வேரைச் சுட்டுவிடும்.

ஈரத்தைக் காத்தல்

ஊரிலே தென்னையைச் சுற்றிப் பொச்சுமட்டை புதைப்பர். தோட்ட நிலத்திற் பனையோலை தாழ்ப்பர். அதே காரியத்தை இங்கே மக்கிய இலைகளாலும் மரப்பட்டைத் துண்டுகளாலும் செய்யலாம். மண் நன்கு நனைந்திருக்கும்போது இரண்டு அங்குலத் தடிப்பில் மூடாக்கு இடுக. உலர்ந்த மண்ணை மூடினால் உலர்வையே மூடியதாகும். தண்டை ஒட்டி இடாமற் சிறிது இடைவெளி விடுக; இல்லையேல் தண்டு அழுகும்.

எந்த நீர்?

தோட்டக் குழாய் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஆயிரம் லீற்றர் நீரை வெளியேற்றும். அதனாலேயே வரட்சிக் காலத்தில் முதலில் தடைசெய்யப்படுவது குழாய். 2022 ஓகஸ்ற்றில் இலண்டனிலும், 2025 யூலையில் யோர்க்ஷயரிலும் தென்கிழக்கின் சில பகுதிகளிலும் இத்தடை வந்தது. தடையை மீறினால் ஆயிரம் பவுண் வரை தண்டம் உண்டு. பூவாளியால் நீர் விடுவதற்குத் தடை இல்லை.

ஆயினும் எமக்குச் சட்டத்தைவிட வேறொரு தயக்கம் இருந்தது. 2009 ஆம் ஆண்டு செட்டிகுளத்து முகாமில், தண்ணீர் வண்டி வரும்வரை வாளியுடன் வரிசையில் நின்றவர்கள் நாம். குடிநீரைப் பூவுக்கு ஊற்றும்போது கை கூசுகின்றது. அம்முகாமில் எமக்கு அடுத்த கூடாரத்தில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் இருந்தார். முகம் கழுவிய நீரைத் தகரப் பேணியில் ஏந்தி, வாசலில் நட்டிருந்த பட்டிப்பூச் செடிக்கு ஊற்றுவார். குடிக்கவே நீரில்லாத இடத்திற் பூ எதற்கு என்று ஒருநாள் நாமே கேட்டோம். “இது குடிக்கிற தண்ணி இல்லைத்தானே தம்பி” என்றார். அச்செடி நாம் அங்கிருந்த காலம் முழுவதும் பூத்தது.

எமது ஊரில் நீர் ஒருமுறை மட்டும் பயன்பட்டதில்லை. கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் செவ்வரத்தைக்கும் ஓடிற்று. இங்கே வாய்க்கால் இல்லை, வாளி உண்டு. எமது நான்கு சதுர மீற்றர்ப் பாத்திக்குக் கிழமைக்கு வேண்டியது 100 லீற்றர். நாளொன்றுக்குப் பதினான்கு லீற்றர். அரிசியும் மரக்கறியும் கழுவிய நீர், சுடுநீர் வரும்வரை குழாயில் வீணே ஓடும் நீர், குளியற்றொட்டி நீர் ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டில் இது இலகுவாகத் தேறும். சிறிதளவு சவர்க்காரம் பூஞ்செடியைக் கெடுக்காது. உப்பிட்டு வடித்த கஞ்சியும், வெளிற்றும் மருந்து கலந்த நீரும் ஆகா. பாவித்த நீரை அன்றே ஊற்றிவிட வேண்டும். தேக்கி வைத்தால் நாறும். மழைநீரைப் பீப்பாயிற் சேர்ப்பதும் நன்று. இருபது சதுர மீற்றர்க் கூரையிற் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர் கிடைக்கும்.

2018 இன் பின் எமது பாத்திக்குக் குழாய் நீர் விட்டது மிகச் சில நாட்களே. 2025 ஆம் ஆண்டின் வரட்சியிலும் றோசாக்கள் இரண்டும் பூத்தன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வகுப்பிற் பாத்தி, வரம்பு, வாய்க்கால் என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னோம். பிள்ளைகள் எழுதினார்கள், மறந்தார்கள். அரிசி கழுவிய நீரைப் பூவாளியில் ஏந்தித் தானே வரம்பு கட்டிய பாத்திக்கு ஊற்றிய பிள்ளை அச்சொற்களை மறக்கவில்லை. புரட்டாதி மாதத்திற் செவ்வந்தி விதைகள் முற்றிக் காய்ந்ததும், கடதாசி உறையில் இட்டு, பூவின் பெயரைத் தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். விதை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றைப் பகிர்ந்து கொடுப்போம்.