வண்டித்தடங்களில் மிதிவண்டி: பிரான்சின் சரளைப் பாதைகள்

சரளைக்கல்லும் மண்ணும் கலந்த பாதைகளில் நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுவதற்கு ‘கிராவல்’ சவாரி என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2006-இல் கான்சாஸ் மாநிலத்தின் பண்ணைச் சாலைகளில் தொடங்கிய நெடுந்தூரப் போட்டி ஒன்று அதைப் பரவலாக அறியச் செய்தது. பெயர் புதிது என்றாலும், பிரான்சைப் பொறுத்தவரை செயல் புதிதன்று. 1903-இல் முதல் தூர் த பிரான்ஸ் போட்டி நடந்தபோது வீரர்கள் ஓட்டியவை பெரும்பாலும் தார் காணாத சாலைகளே. 1910-இல் அப்போட்டி பிரெனே மலைத்தொடரின் தூர்மலே கணவாயை முதன்முறையாக ஏறியபோதும் சக்கரத்தின் கீழே கிடந்தவை கல்லும் புழுதியும்தான். பின்னர் நாடெங்கும் தார் பரவியது. தார் போடும் அளவுக்குப் போக்குவரத்து இல்லாத பாதைகள் அப்படியே விடப்பட்டன. இன்றைய மிதிவண்டிப் பயணிகள் தேடிச் செல்வது அந்த மிச்சத்தைத்தான்.

செந்த்-எத்தியேன் நகரில் 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிவந்த போல் த விவி (1853–1930), பந்தயத்தைவிட ஊர் சுற்றும் ஓட்டத்தையே உயர்வாகக் கருதியவர். மலையேற ஒன்றுக்கு மேற்பட்ட கியர்கள் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். தூர் த பிரான்ஸ் அமைப்பாளர்களோ 1937 வரை கியர் மாற்றும் கருவியைப் போட்டியாளர்களுக்கு அனுமதிக்கவில்லை. இன்றைய கிராவல் வண்டி வெலோசியோவின் பக்கமே சாய்கிறது. பந்தய வண்டியைப் போலவே அதன் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருந்தாலும், டயர் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட அகலம் கொண்டது. செங்குத்தான ஏற்றத்திலும் இருக்கையை விட்டு எழாமல் மிதிக்க உதவும் இலகுவான கியர்களும், சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் அதற்கு உண்டு. பந்தய டயரைவிட மிகக் குறைவான காற்றே அடைக்கப்படுவதால், கல்லில் மோதித் துள்ளாமல் டயர் அதன்மேல் அமுங்கி ஏறி இறங்குகிறது. அவ்வளவு குறைந்த காற்றில் உள்ளே ட்யூப் இருந்தால் அது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிவிடும். ஆகவே ட்யூப் இல்லாத டயரைப் பொருத்தி, சிறு துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் பசைத் திரவத்தை உள்ளே ஊற்றிவிடுகிறார்கள். வண்டியைப் பற்றி இவ்வளவு போதும். மிச்சத்தைக் கடைக்காரர்கள் கேட்காமலேயே சொல்வார்கள்.

இப்பாதைகள் இன்றுவரை மிஞ்சியிருப்பதற்கான காரணம் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. நாட்டின் அடிப்படை நிர்வாக அலகு ‘கொம்யூன்’ எனப்படும் ஊராட்சி. அத்தகையவை ஏறத்தாழ 35,000 உள்ளன. ஊராட்சிக்குச் சொந்தமாகவும், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியதாகவும், ஆனால் முறையான ஊராட்சிச் சாலையாக வகைப்படுத்தப்படாமலும் இருக்கும் பாதைக்கு ‘ஷெமின் ரூரால்’, அதாவது நாட்டுப்புறப் பாதை, என்று பெயர். வயலுக்கு மாட்டுவண்டியும் காட்டுக்கு விறகு வண்டியும் போய்வந்த தடங்கள் பெரும்பாலும் இவ்வகையில் அடங்கும். நில உடைமையாளரின் அனுமதி கேட்காமல் யாரும் இவற்றில் போகலாம் என்பதால்தான், வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் தடங்களை ஒன்றோடொன்று இணைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் வழித்தடம் ஒன்றை எவரும் வகுத்துக்கொள்ள முடிகிறது. எனினும் எல்லாத் தடங்களும் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை டிராக்டருக்கு ஏற்ற பெரிய வயல்களாக ஒன்றுசேர்க்கும் திட்டம் அரசால் நடத்தப்பட்டது. அப்போது வேலிப் புதர்களோடு எண்ணற்ற வண்டித்தடங்களும் உழுது அழிக்கப்பட்டன. பாரிசைச் சூழ்ந்த கோதுமைச் சமவெளிகளில் வழித்தடம் தேடுவோர் அடிக்கடி தார்ச்சாலைக்கே திரும்ப நேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இத்தகைய பாதையின் முகத்தைப் பெரும்பாலான தொலைக்காட்சி நேயர்கள் பார்த்தது 2024 ஜூலை 7 அன்று, தூர் த பிரான்ஸ் போட்டியின் 9-ஆம் கட்டம் ட்ருவா நகரில் தொடங்கி அங்கேயே முடிந்தபோதுதான். 199 கிலோமீட்டரில் சுமார் 32 கிலோமீட்டர், 14 துண்டுகளாக, ஷாம்பெயின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ‘வெள்ளைப் பாதைகள்’. அவ்வெண்மை அப்பகுதியின் சுண்ணாம்புக்கல் தருவது. காய்ந்த நாளில் அக்கல் பொடியாகி, முன்னே செல்லும் வண்டியை மறைக்கும் அளவுக்குப் புழுதி எழுப்புகிறது; மழை பெய்தாலோ அதே பொடி குழைந்து டயரிலும் சட்டத்திலும் அப்பிக்கொள்கிறது. பாதையின் நடுவில் புல் மேடும் இருபுறமும் டிராக்டர் சக்கரங்கள் அழுத்திய இரு பள்ளங்களும் இருக்கும்; பள்ளத்தில் கல் இறுகியும், வளைவுகளில் உதிர்ந்து குவிந்தும் கிடக்கும். வளைவில் விழுகிறவர்கள் அதிகம் என்பதற்கு இந்தக் குவியலே காரணம். இவை தோட்ட வேலைக்கான பாதைகள் என்பதால், அறுவடைக் காலத்தில் டிராக்டருக்கு வழிவிட்டு ஒதுங்குவதே முறை.

தெற்கே சென்றால் பாதையை உருவாக்கிய தொழில் மாறுகிறது. துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலோரத்தையும் இணைக்கும் 240 கிலோமீட்டர் நீள மிதி கால்வாய், பியேர்-போல் ரிக்கே என்பவரின் திட்டப்படி 1666-இல் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்டது. படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடந்த இழுவைப் பாதைதான் இன்றைய மிதிவண்டிப் பாதை. துலூசிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வரை தார் போடப்பட்டிருக்கிறது. அதற்கப்பால் பல இடங்களில் மண்ணும் சரளையுமாக, சில இடங்களில் ஒரு சக்கரம் மட்டுமே செல்லும் ஒற்றையடித் தடமாகக் குறுகுகிறது. கால்வாய் என்றால் சமதளம், ஆகவே எளிது என்று நினைத்து வருவோரை ஏமாற்றுபவை கரையோரப் பிளேன் மரங்களின் வேர்கள். கை பருமனுள்ள அவ்வேர்கள் பாதையின் குறுக்கே சில அடிகளுக்கு ஒன்றாகப் புடைத்து நிற்பதால், நாள் முழுவதும் மணிக்கட்டில் அடி விழுந்துகொண்டே இருக்கும். சுமார் 42,000 எண்ணப்பட்ட அம்மரங்களை 2006 முதல் ஒருவகைப் பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. நோய் பரவாமலிருக்க ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்து, வேறு மரங்களை நடுகிறார்கள். ஆகவே பெயர்பெற்ற அந்த நிழல் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிக் கோடை நண்பகலில் அங்கே செல்வது அறிவுடைமை ஆகாது. கால்வாயின் உச்சிப் புள்ளி கடல்மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்திலுள்ள நோரூஸ். கருமலை எனப் பொருள்படும் மொந்தாஞ் நுவார் குன்றுகளிலிருந்து அவ்விடத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் கரை, கூட்டம் குறைவாகவும் அழகு மிகுந்தும் இருப்பதால், முதன்மைக் கால்வாயைவிடச் சிறந்த சரளைப் பாதை என்றே சொல்லலாம்.

கால்வாய்க் கரை குதிரைக்கானது என்றால், மத்திய மலைப்பகுதியின் தென்முனையிலுள்ள கோஸ் பீடபூமிகளின் தடங்கள் ஆட்டுக்கானவை. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் ஆடுகள் மேயும் இந்தச் சுண்ணாம்புக்கல் மேடுகளும் அருகிலுள்ள செவென் மலைகளும் 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கோடையில் சமவெளியிலிருந்து மலைமேய்ச்சலுக்கு மந்தைகளை ஓட்டிச் சென்ற ‘திராய்’ என்னும் தடங்கள் முகடுகளின் மேலேயே ஏறி இறங்குகின்றன. வண்டிக்காரன் தன் மாட்டை எண்ணிச் சரிவைச் சுற்றி வளைத்துப் பாதை போட்டான். மேய்ப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் இங்கே வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இயல்பு. சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள மெஜான் பீடபூமியில் மழைநீர் நிற்காமல் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே ஆடுகள் குடிக்கக் கல் பாவி வட்டமாகக் கட்டிய ‘லவோஞ்’ எனும் குட்டைகள் தடங்களின் ஓரத்தில் இருக்கின்றன. மனிதர் குடிப்பதற்கு அந்நீர் ஆகாது. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பயணிகள் தண்ணீருக்குப் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் செல்கிறார்கள், ஏனெனில் பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதற்கான குழாய் அங்கே இருக்கும். ‘குடிக்கத் தகாது’ என்ற பலகை இல்லாதவரை அதில் நிரப்பிக்கொள்வது வழக்கம்.

ஒப்பிட்டால், மூடப்பட்ட ரயில் தடங்களின் மேல் அமைத்த ‘வுவா வெர்த்’ என்னும் பசுமைப் பாதைகள் சலிப்பூட்டுபவை. பர்கண்டியில் கிளுனிக்கும் ஜிவ்ரிக்கும் இடையே 1997-இல் திறந்ததைப் போன்றவை குழந்தைகளோடு செல்வோருக்குப் பொருத்தமானவை. கிராவல் வண்டிக்கு அங்கே வேலையில்லை. பிரித்தானிப் பகுதியின் ‘ரிபினு’ எனப்படும் பண்ணைத் தடங்களில் அந்தக் குறை கிடையாது. அவற்றின்மேல் 1984 முதல் நடக்கும் த்ரோ ப்ரோ லெயோன் பந்தயம், பிரெத்தோன் மொழிவழிப் பள்ளிகளுக்கு நிதி திரட்டத் தொடங்கப்பட்டது. முதலில் வரும் உள்ளூர் வீரருக்கு அதில் ஒரு பன்றிக்குட்டி பரிசு. நீண்ட பயணம் விரும்புவோருக்கு வடக்கே அவலோன் நகரிலிருந்து தெற்கே அக்த் கடற்கரை வரை சுமார் 1,400 கிலோமீட்டர் செல்லும் மத்திய மலைப்பகுதிப் பெருவழி இருக்கிறது. மலைச் சைக்கிளுக்கென வகுக்கப்பட்டதால் கிராவல் வண்டிக்கு அதன் சில பகுதிகள் கடினம்.

மே, ஜூன் மாதங்களே ஏற்ற காலம். செப்டம்பரிலும் தட்பவெப்பம் நன்றாக இருக்குமாயினும், அப்போது வேட்டைக் காலம் தொடங்கிப் பிப்ரவரி வரை நீடிப்பதால், காட்டுப் பாதையில் ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகையைக் கண்டால் வேறு வழி பார்ப்பது நல்லது. மலைமேய்ச்சல் பகுதிகளில் ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கும் ‘பத்து’ எனும் பெரிய வெள்ளை நாய்கள், வேகமாக வரும் எதையும் பகையாகக் கருதும். அங்கே இறங்கி, வண்டியை நாய்க்கும் தனக்கும் நடுவே வைத்து, மந்தையைச் சுற்றி மெல்ல நடக்க வேண்டும்.

வண்டித்தடங்களின் எதிர்காலம் இன்னும் உறுதியாகவில்லை. ஷெமின் ரூரால் ஊராட்சியின் தனிச் சொத்து என்ற வகையில் சேர்வதால், மக்கள் பயன்பாடு நின்றுபோனதைப் பொதுவிசாரணையின் வழியே கண்டறிந்து ஊராட்சி அதை விற்கலாம். பக்கத்து நிலக்காரர் 30 ஆண்டுகள் அதைத் தன் வயலோடு சேர்த்து அனுபவித்தால் உரிமையும் கோரலாம். மறுபுறம், மக்கள் போய்வருவதே ஒரு தடம் பொதுப் பயன்பாட்டில் இருப்பதற்கான சான்று என்று அதே சட்டம் கொள்கிறது. மிதிவண்டித் தடமும் அதில் சேரும். தன் பாதைகளைக் கணக்கெடுக்க ஊராட்சி தீர்மானித்தால், அந்த வேலை முடியும்வரை 30 ஆண்டு அனுபோகக் கணக்கு நிறுத்திவைக்கப்படும் என்று 2022 பிப்ரவரியில் இயற்றிய சட்டம் கூறுகிறது. ஆனால் அக்கணக்கெடுப்பு எந்த ஊராட்சிக்கும் கட்டாயமாக்கப்படவில்லை.